அம்மாவை அதட்டியது அசட்டையா?

கேள்வி: ஐயா, எனக்கு 52 வயது. அம்மாவுக்கு 81. நான்கு வருடமாக அவர்களுக்கு ஞாபகமறதி. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, ராத்திரி எழுந்து பார்ப்பது எல்லாம் நான்தான். போன மாதம் ஒரு சாயங்காலம், பத்து நிமிஷத்துக்குள் எட்டாவது தடவையாக "என் கண்ணாடி எங்கே" என்று கேட்டபோது, "பைத்தியமா உனக்கு? வாயை மூடு" என்று கத்திவிட்டேன். கண்ணாடி அவர்கள் மூக்கிலேயே இருந்தது. அந்த ஞாயிறு எங்கள் சபையில், "உன் தாய் வயதுசென்றவளாகும்போது அவளை அசட்டைபண்ணாதே" என்ற வசனத்தில் பிரசங்கம். தாயை அசட்டைபண்ணுகிற கண்ணைக் காகங்கள் பிடுங்கும் என்ற வசனத்தையும் வாசித்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. துபாயில் இருக்கும் என் தம்பி வாரம் ஒருமுறை போனில் "அம்மா, தோத்திரம்" என்பதோடு சரி. ஊரில் அவனைத்தான் பாசமான பிள்ளை என்கிறார்கள். அவன் இருப்பதும் இல்லாததும் எனக்கு ஒன்றுதான், அவனை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூலமொழியில் அசட்டை என்றால் என்ன? நான் செய்தது அதுதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கத்தியது தப்பு. ஆனால் நீதிமொழிகள் சொல்லும் அசட்டை அது இல்லை. இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இறையியல் மாணவர்களுக்கு எபிரெயமும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான், சொல்லைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நம் தமிழ்ச் சொல். "அவன் என்னைச் சட்டையே பண்ணல" என்று இன்றும் பேசுகிறோம் இல்லையா? சட்டை பண்ணுவது என்றால் ஒருவரைப் பொருட்டாக எண்ணுவது. அதன் மறுபக்கம்தான் அசட்டை. 1871-ல் வெளிவந்த பவர் ஐயர் குழுவின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரே சொல்லைப் பல மூலச் சொற்களுக்குப் போட்டுவிட்டார்கள். ஏசாயா 53-ல் "அவர் அசட்டைபண்ணப்பட்டவரும்" என்ற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது பாஸா என்ற வினை. உங்கள் நீதிமொழிகள் வசனத்தில் இருப்பது பூஸ், அதன் உடன்பிறப்பு மாதிரி. லூக்கா 10:16-ல் "உங்களை அசட்டைபண்ணுகிறவன் என்னை அசட்டைபண்ணுகிறான்" என்பது கிரேக்கத்தில் வேறு சொல், தள்ளிவைப்பது, செல்லாது என்று ஒதுக்குவது என்ற பொருள். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதில் இன்னொன்று. தமிழில் எல்லாம் ஒரே சட்டைதான்! இதற்கு மேல் அன்றாடப் பேச்சில் அசட்டை என்றால் கவனக்குறைவு என்ற பொருளும் வந்து சேர்ந்துகொண்டது. பிரசங்கத்தில் அந்தச் சொல் காதில் விழும்போது, அதட்டியது, மறந்தது, மரியாதைக் குறைவாகப் பேசியது எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிற மாதிரித் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது பாஸா. இந்தச் சொல்லை விளக்க நான் வகுப்பில் எப்போதும் எடுப்பது ஏசாவின் கதை. ஆதியாகமம் 25-ன் கடைசி வசனம். வயல்வெளியிலிருந்து களைத்து வந்தவன், பயற்றங்கூழுக்காக மூத்த பிள்ளையின் உரிமையை விற்கிறான். அதன் பிறகு எபிரெயத்தில் அவனுக்கு ஐந்து வினைகள் வரிசையாக வருகின்றன: சாப்பிட்டான், குடித்தான், எழுந்தான், போனான், அலட்சியம்பண்ணினான். அந்த ஐந்தாவதுதான் பாஸா. அவன் கத்தவில்லை, திட்டவில்லை, உரிமையைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. கை கழுவிக்கொண்டு போய்விட்டான், அவ்வளவுதான். பெரிய கோபம் இருந்திருந்தால் அவனுக்கு அந்த உரிமை ஏதோ ஒரு பொருட்டு என்றாவது ஆகியிருக்கும். ஒரு தட்டுக் கூழுக்கு மேல் அது பெறாது என்று அவன் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அதற்குப் பெயர்தான் பாஸா.

கணக்கு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். அதே ஏசாயா 53:3 எப்படி முடிகிறது, பாருங்கள்: "அவரை எண்ணாமற்போனோம்." அங்கே இருக்கும் ஹாஷவ் என்ற வினைக்கு நினைப்பது, கணக்கிடுவது என்று இரண்டு பொருளும் உண்டு. நம் எண்ணுவதும் அப்படியே. இந்த ஒரு விஷயத்தில் தமிழ், எபிரெயத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறது.

இன்னொரு இடத்திலும் அப்படி நிற்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்று சிறுபிள்ளையிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறோம். கனம் என்றால் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். மூட்டை கனமாக இருக்கிறது என்கிறோமே, அந்தக் கனம்தான் அது. எபிரெயத்திலும் காபேத் என்றால் பாரமாக இருப்பது. பெற்றோரைக் கனம்பண்ணு என்றால் அவர்களுக்கு எடை கொடு. இதற்கு எதிர்ச்சொல் காலல், லேசாக இருப்பது. யோனாவின் கப்பலில் பாரத்தை லேசாக்கச் சரக்கைக் கடலில் எறிந்தார்களே, அங்கே வருவதும் இந்த வினைதான். அடிமைப்பெண் ஆகார் கர்ப்பமானபோது தன் எஜமானி சாராயை "அற்பமாக எண்ணினாள்" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. எபிரெயம் சொல்வது, எஜமானி அவள் கண்களில் லேசாகிப்போனாள் என்று. தகப்பனையோ தாயையோ "சபிக்கிறவன்" என்று யாத்திராகமம் 21:17-ல் வருவதும் இதே வேர்ச்சொல்லின் ஒரு வடிவம். 1 சாமுவேல் 2:30-ல் இரண்டு பக்கமும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன: "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன், என்னை அசட்டைபண்ணுகிறவர்கள் கனஈனப்படுவார்கள்." அசட்டை அங்கே பாஸா, கனஈனம் அங்கே காலல். கனஈனம் என்ற சொல்லை யார் கண்டுபிடித்துப் போட்டார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு. கனம் குறைந்துபோவது. மூலத்துக்கு இதைவிடக் கிட்டே போக முடியாது.

ஆக, வேதாகம மொழியில் அசட்டை என்பது ஒரு தராசு. எதிரே இருப்பவர் எவ்வளவு எடை என்று மனம் போட்டுவைத்திருக்கும் கணக்கு. சத்தம் கூடியதா குறைந்ததா என்பது அந்தத் தராசில் ஏறுவதில்லை.

கோபத்துக்கு எபிரெயம் தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆஃப் என்றால் மூக்கு, ஆஃப் என்றால் கோபமும். கோபம் வந்தது என்பதை, மூக்கு எரிந்தது என்றுதான் அந்த மொழி சொல்லும். நாமும் மூக்குக்கு மேல் கோபம் என்கிறோமே. அசட்டைக்கு அவர்கள் கொடுத்த இடம் கண். ஆகாரின் கண்களில் என்று பார்த்தோம். கோலியாத் சுற்றிப் பார்த்து, தாவீதைக் கண்டு, சின்னப்பையன் என்று அசட்டைபண்ணினான். எஸ்தர் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், ராணி வஸ்தி வர மறுத்த செய்தி பரவினால் பெண்கள் "கண்களில்" புருஷர்கள் அற்பமாகிவிடுவார்கள் என்று மந்திரி பயப்படுகிறான். தாவீதின் மனைவி மீகாள் பலகணி வழியாகப் பார்த்தாள், தாவீது ஆடுவதைக் கண்டாள், "தன் இருதயத்திலே அவனை அவமதித்தாள்." அவளே ஒரு காலத்தில் தாவீதை நேசித்தவள் என்பதையும் வேதம் பதிந்து வைத்திருக்கிறது. ஜன்னலுக்கு மேலே இவள், தெருவில் அவன். இந்த உயர வித்தியாசத்தைக் கவனியுங்கள், கிரேக்கத்தில் மறுபடி வரும்.

இப்போது உங்கள் காகங்களுக்கு வருவோம். நீதிமொழிகள் 30:17 ஏன் நாக்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்துக்கொள்கிறது? தகப்பனைப் பரியாசம்பண்ணி, தாயை அற்பமாகப் பார்த்த உறுப்பு கண். பார்வையிலேயே ஒருவரை லேசாக்கிவிட்ட கண்ணைப் பற்றி அந்த வசனம் பேசுகிறது. அன்று சாயங்காலம் கண்ணாடி அம்மாவின் மூக்கில் இருந்தது, கோபம் உங்கள் மூக்கில் இருந்தது. காகத்துக்கு அங்கே வேலை இல்லை.

கிரேக்கம் கொஞ்சம்தான், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கி.மு. 3-ஆம், 2-ஆம் நூற்றாண்டுகளில் யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். நீதிமொழிகள் 23:22-க்கு அவர்கள் போட்ட வினை கட்டஃப்ரொனேயோ. கட்ட என்றால் கீழ்நோக்கி, ஃப்ரொனேயோ என்றால் நினைப்பது. ஆளை மேலேயிருந்து கீழாக நினைப்பது. மீகாளின் ஜன்னல் ஞாபகம் வருகிறதா? புதிய ஏற்பாட்டில் இந்த வினை 9 இடங்களில் வருகிறது. "இந்தச் சிறியரில் ஒருவனையும் அற்பமாய் எண்ணாதபடிக்கு" என்று இயேசு சொன்னது இதைத்தான். "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இதுவே.

உங்கள் வசனத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "வயதுசென்றவளாகும்போது" என்று நாம் வாசிக்கிறோம். எபிரெயத்தில் அங்கே இருக்கும் கீ என்ற சின்னச் சொல்லை "போது" என்றும் எடுக்கலாம், "ஏனென்றால்" என்றும் எடுக்கலாம். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் போட்ட ஹோட்டி, "ஏனென்றால்" என்ற பக்கம் சாய்கிறது. அப்படி வாசித்தால் வசனத்தின் முனை மாறுகிறது: உன் தாய்க்கு வயதாகிவிட்டது என்பதற்காக அவளைக் கீழாக நினைக்காதே. தீமோத்தேயுவை இளமைக்காக, தாயை முதுமைக்காக. இரண்டும் ஒரே வினை. முதுமையைக் காரணமாக வைத்து ஆளைத் தள்ளுபடி செய்வதுதான் கேள்வி. "அம்மாவுக்கு என்ன தெரியப் போகிறது, அவங்ககிட்டப் போய் ஏன் கேட்கிறே" என்று, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பேசுவார்களே, அந்த வகை. சத்தமே இல்லாமல், புன்னகையோடுகூட இதைச் செய்யலாம். நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன், என் வீட்டையும் சேர்த்து.

உங்கள் வீட்டு நிலைமையைப் பெயர் சொல்லாமல் பெயர் சொன்ன மாதிரி எழுதிய ஒருவர் இருக்கிறார். நம் புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் அவர் இல்லை, கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்ற பெயரில் இருக்கிறார். கி.மு. 180 வாக்கில் எருசலேமில் எபிரெயத்தில் எழுதியவர், பேரன் பிற்பாடு எகிப்தில் அதைக் கிரேக்கமாக்கினார். மூன்றாம் அதிகாரத்தில் வயதான தகப்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்போது, அவருக்கு அறிவு குறைந்துபோனாலும் பொறுத்துக்கொள், நீ முழுப் பலத்தோடு இருக்கிறாய் என்பதற்காக அவரை அவமதிக்காதே என்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலும் ஒரு வீட்டில் யாரோ எட்டாவது தடவை கேட்டிருக்கிறார்கள். அவமதிப்புக்கு அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் டிமே என்ற வேரிலிருந்து வருவது. டிமே என்றால் விலை, டிமே என்றால் மரியாதை. நிலத்துக்கு மதிப்பு போடுகிறோம், ஆளுக்கும் மதிப்பு கொடுக்கிறோம், அப்படி.

விலை என்று சொன்னதும் இன்னொன்று. வேதத்தில் பெற்றோரைக் கனம்பண்ணுவது வாய்ப்பேச்சாக நின்றுவிடுவதில்லை, சோறும் காசும் உழைப்பும் அதில் உண்டு. மாற்கு 7-ல் இயேசு கோபப்பட்டது எதற்கு? தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கை கழுவிக்கொண்டவர்களைப் பார்த்துத்தான். ஐந்தாம் கற்பனையை மீறுவதற்கு அவர் காட்டிய உதாரணம் அதட்டல் இல்லை, பராமரிப்பை நிறுத்துவது. நான்கு வருடமாக ராத்திரியில் எழுந்து பார்க்கும் கை, அம்மாவுக்கு எடை கொடுத்துக்கொண்டிருக்கிற கை. அந்த எடையைத் தூக்கித் தூக்கித்தான் உங்கள் தோள் ஓய்ந்து, அன்றைக்கு வாய் நழுவியது.

ஆனால் சும்மா விட்டுவிட மாட்டேன். "பைத்தியமா உனக்கு" என்றீர்கள். மத்தேயு 5:22-ல் இரண்டு வசைச் சொற்கள் வருகின்றன. நம் மொழிபெயர்ப்பில் "வீணன்" என்றிருப்பது மூலத்தில் ராக்கா, அரமேயிக்கில் வெறுமையானவன், உள்ளே ஒன்றும் இல்லாதவன் என்று பொருள். அடுத்தது "மூடனே." இரண்டும் எதிரே இருப்பவரின் எடையைக் குறைக்கும் சொற்கள். கோபம் தானாக அசட்டை ஆகிவிடாது, ஆனால் கத்தும்போது அசட்டையின் அகராதியிலிருந்து சொற்களைக் கடன் வாங்கிவிடுகிறது. நோய்க்குப் பெயர் இருக்கிறது, அதை வசையாக்கி அம்மாவிடமே எறிந்தீர்கள் அல்லவா? அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அவர்களுக்கு நினைவிருக்காது என்று சொல்லாதீர்கள். நினைவில்லாதவரிடம் எதற்கு மன்னிப்பு என்று நினைக்கிற இடத்தில்தான் அந்த ஹோட்டி வசனம் நம்மைப் பிடிக்கும். காலையில் காப்பி கொடுக்கும்போது ஒரு வரி போதும். அப்புறம் அதை விட்டுவிடுங்கள். ஐம்பத்தோராம் சங்கீதத்தில் நொறுங்குண்ட இருதயத்தை "நீர் புறக்கணியீர்" என்று பாடுகிறோமே, அந்தப் புறக்கணியீருக்கு அடியில் இருப்பதும் பாஸாதான். தேவன் கோபப்பட்டதாக வேதம் எத்தனையோ இடங்களில் சொல்கிறது. உடைந்துபோய் வருகிறவரை அவர் பாஸா செய்யமாட்டார்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மாவைப் பற்றி எழுதிய இடங்களில் பாஸாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. வேறு ஒரு வரியில் கிடைத்தது. "அவன் இருப்பதும் இல்லாததும் எனக்கு ஒன்றுதான், அவனை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை." சகோதரி, புதிய ஏற்பாட்டில் எக்ஸூதெனேயோ என்று ஒரு வினை உண்டு. நடுவில் "ஒன்றுமில்லை" என்ற சொல்லை வைத்துக் கட்டியது, ஒருவரை ஒன்றுமில்லாதவராக ஆக்குவது. ஜெபம்பண்ணப் போன பரிசேயனும் ஆயக்காரனும் என்ற உவமையை இயேசு யாருக்குச் சொன்னார் என்று லூக்கா முன்னுரை எழுதுகிறாரே, "தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாயெண்ணின சிலரைக்குறித்து" என்று, அங்கே வரும் சொல் இது. நீங்கள் தமிழில் எழுதிய வரி அதன் அப்பட்டமான மொழிபெயர்ப்பு. அதில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். தம்பி செய்வது சரி என்று நான் சொல்லவரவில்லை. வாரம் ஒரு தோத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறவனைக் கொர்பான் பகுதி நன்றாகவே விசாரிக்கும். ஆனால் அவனை ஆள்கணக்கிலிருந்து நீக்கிவிட்டதால், அவனிடம் எதையும் கேட்பதையும் நிறுத்திவிட்டீர்கள். கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

அதனால் இந்த வாரம் அவன் போன் செய்யும்போது, அம்மாவிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் பேசுங்கள். நன்றாகக் கோபப்படுங்கள், தப்பில்லை. ராத்திரிக்கு ஒரு உதவியாள் வைக்க மாதாமாதம் இவ்வளவு ஆகும் என்று தொகையைச் சொல்லுங்கள். அடுத்த லீவுக்கு வரும்போது பத்து நாள் அவனே அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிப் பார்க்கட்டும், நீங்கள் எங்காவது போய்த் தூங்குங்கள். ஞாபகமறதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அம்மாவின் தூக்கத்தோடு உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த நோயின் வேலை, பதில் சொல்லித் தீர்க்கக் கூடியது இல்லை.

கண்ணாடி எங்கே என்று மறுபடி கேட்பார்கள். வாயால் சொல்ல வேண்டாம். அவர்கள் கையைப் பிடித்து மூக்கின் மேல் கொண்டுபோய் வையுங்கள். தம்பி என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.